ரேவதி குழந்தையின் முகம்

1. கேட்

காலை பத்தேகாலுக்கு அழைப்பு வந்தது. மாம்பாக்கத்திலிருந்து உள்ளே போகும் ஒரு ஊர். எட்டு மாத கர்ப்பிணி, பனிக்குடம் உடைந்துவிட்டது, நீர் பச்சையாக வருகிறது என்று மாமியார் போனில் சொல்லியிருக்கிறார். பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மூச்சுக்குக் கஷ்டம் வந்துவிட்டது என்றும் அர்த்தம்.

நான் அப்போது கேளம்பாக்கத்தில் நிற்கும் ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி. நோயாளியோடு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து முதலுதவி பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர். டிரைவரை எங்கள் வேலையில் பைலட் என்போம். என் பைலட் ஏழுமலை அண்ணன் செம்பாக்கத்துக்காரர். அவர் ஓட்டும்போது வண்டிக்குள் டீ குடிக்கலாம். அந்த அளவுக்கு நிதானம். எனக்கோ நிதானம் என்பதே கிடையாது. தாம்பரத்தில் என் வீட்டுக்காரர் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்.

மேப் காட்டிய குறுக்கு வழி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் போய் முட்டியது. அந்தப் பக்கம் எல்லாம் அப்படித்தான். முன்னால் இருபது மாடி, பின்னால் பழைய ஊர். ஊருக்குப் போகிற வண்டிப்பாதை காம்பவுண்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். சுற்றிப் போனால் கூடுதலாகக் கால் மணி நேரம்.

செக்யூரிட்டி கையில் போனோடு வந்தார். "மேடம், ஃபிளாட் நம்பர் சொல்லுங்க. ஆப்ல அப்ரூவல் வந்தாதான் கேட் தொறக்க முடியும்."

"ஃபிளாட்டுக்கு இல்லப்பா. பின்னாடி ஊருக்குப் போறோம். பின் கேட்டத் தொறந்து விடுங்க."

"பின் கேட் எமர்ஜென்சிக்கு மட்டும்தான் மேடம்."

நிதானமே உருவான ஏழுமலை அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "அப்போ இது இன்னாய்யா? சைரன் போட்டுகினு கல்யாண ஊர்கோலமா வந்துகினு கீறோம்?"

அந்த ஆள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, சூப்பர்வைசர் அசோசியேஷன் செயலாளருக்குப் போட்டு, கேட் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. இந்தச் சம்பவத்தை யாரிடம் சொன்னாலும் அந்த கேட்டைத்தான் திட்டுகிறார்கள். நானும் பல மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு வசதியாக ஒரு இரும்பு கேட் கிடைத்தது எனக்கு. நான் செய்த தப்பு அங்கே நடக்கவில்லை.

2. வண்டியில்

ரேவதிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் பிரசவம். கணவன் தினேஷ் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவனுக்குச் சொல்லியாயிற்று, பைக்கில் நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறான் என்றார் மாமியார். அந்த அம்மா வண்டியில் ஏறியதும் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பின்னால் இருந்தால் ரேவதியும் பயப்படுவாள் என்று அவரை முன்னால் ஏழுமலை அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்தேன். பின்பக்கம் நானும் ரேவதியும் மட்டும்.

கண்டிகை தாண்டுவதற்குள் வலி நெருக்கிவிட்டது. தலை தெரிந்தது. "அண்ணா, ஓரம் கட்டுங்க" என்று கத்தினேன்.

வண்டியில் பிரசவம் நடக்கும்போது ஏழுமலை அண்ணன் பின்பக்கம் வரமாட்டார். கதவுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொள்வார். பைக்கை நிறுத்தி எட்டிப் பார்ப்பவர்களை விரட்டுவார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராக வைத்துக்கொண்ட முறை. அன்றும் அப்படித்தான் நின்றார்.

பையன் பிறந்தான். அழவில்லை.

துடைத்தேன். வாயிலும் மூக்கிலும் இருந்த பச்சைச் சளியை உறிஞ்சி எடுத்தேன். முதுகைத் தேய்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன். உடம்பு துணி மாதிரி கிடந்தது. தொப்புள்கொடியின் அடியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் துடிப்பு இருந்தது, மிகவும் மெதுவாக. கொடியை கிளாம்ப் போட்டு வெட்டி, ஆம்பு பேக்கின் குட்டி மாஸ்க்கை வைத்துக் காற்று கொடுக்க ஆரம்பித்தேன். அண்ணன் வண்டியை எடுத்தார்.

"அக்கா, பாப்பா ஏன் அழல?"

"கொஞ்சம் தண்ணி குடிச்சிருக்கான்மா. காத்து குடுத்துகிட்டிருக்கேன்."

"பையனாக்கா?"

"பையன்தான்."

அவள் தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். குழந்தை அவள் கால்மாட்டில் இருந்தது, நான் குறுக்கே குனிந்திருந்தேன். "படும்மா, எந்திரிக்காத" என்று அதட்டினேன். காரணம் இருந்தது. அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. நஞ்சுக்கொடி முழுதாக வந்த மாதிரி தெரியவில்லை. கண்ட்ரோல் ரூம் டாக்டரிடம் ஸ்பீக்கரில் கேட்டு ஊசி போட்டேன். ஒரு கையால் குழந்தைக்குப் பேக்கை அமுக்கினேன். இன்னொரு கையால் அவள் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். கொளப்பாக்கம் பக்கத்தில் குழந்தை ஒரு தடவை தானாக மூச்சு இழுத்தான். "வாடா ராஜா, வாடா" என்று வாய்விட்டே சொன்னேன். அதைக் கேட்டு ரேவதி சிரித்தாள். அந்தச் சிரிப்பு நியாயமானதுதான். அந்த ஒரு நிமிடம் நானும் நம்பினேன்.

அதன் பிறகு அவன் மூச்சு இழுக்கவில்லை.

3. நான் சொன்னது

ஆஸ்பத்திரியில் ரேவதியை ஸ்ட்ரெச்சரோடு லேபர் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தையை நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவசரப் பிரிவிலேயே குழந்தை டாக்டர் இருந்தார். குழாய் போட்டார், மருந்து கொடுத்தார், இரண்டு விரலால் நெஞ்சை அமுக்கினார். இருபது நிமிடம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார், நர்ஸ் எழுதிக்கொண்டார்.

ஹேண்ட்ஓவர் கையெழுத்து வாங்க லேபர் வார்டுக்குப் போனேன். அங்கே சிஸ்டர் என்னைக் கதவருகிலேயே மறித்தார். "பேபி எப்படி?" இல்லை என்று தலையை ஆட்டினேன். "அந்தப் பொண்ணுகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிடாதீங்க. பிளீடிங் இன்னும் கண்ட்ரோலுக்கு வரல. அதிர்ச்சியில ஏதாவது ஆயிடப்போவுது."

அந்த சிஸ்டரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு உயிர் போய்விட்டது, இன்னொன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் எல்லாருக்கும் அது பழக்கம். அம்மாவுக்குச் சொல்லும் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளமாட்டோம். யாராவது வீட்டு மனிதர் பிறகு சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிடுவோம்.

ரேவதி என்னைப் பார்த்துவிட்டாள். படுத்தபடியே கையை நீட்டினாள். கிட்டே போனேன்.

"அக்கா, பாப்பா?"

"இன்க்யூபேட்டர்ல வெச்சிருக்காங்கம்மா. வெயிட் கொஞ்சம் கம்மி. நாளைக்கு உனக்குக் காட்டுவாங்க."

இன்க்யூபேட்டர் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாளைக்கு என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டும் நானாகச் சேர்த்தது. நன்றாகச் சமாளித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்கா" என்றாள்.

வெளியே தினேஷ் வந்திருந்தான். கம்பெனி சட்டையோடு, கழுத்தில் ஐடி கார்டு தொங்க, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். மாமியார் என்னிடம் வந்தார். அழுகை நின்று, முகம் இறுகியிருந்தது.

"அவகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இல்லம்மா. உள்ள வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அவளுக்குத் தெரியறதுக்குள்ள எடுத்துகினு போயி அடக்கம் பண்ணிடுறோம். பாத்தான்னா தாங்கமாட்டா. அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பிறந்தவுடன் இறந்த குழந்தையை அன்றே அடக்கம் செய்துவிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். தாய்க்குக் காட்டமாட்டார்கள். அது கொடுமையில் செய்வதில்லை. தங்களுக்குத் தெரிந்த வகையில் அவளைக் காப்பாற்றுகிறார்கள். நானும் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். சான்றிதழுக்கு இந்த மேசை, கையெழுத்துக்கு அந்த அறை என்று அவர்களை நானே அழைத்துப் போய் முடித்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எந்த வேலையும் அவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வண்டியிலிருந்த புது வெள்ளைத் துணியில் குழந்தையைச் சுற்றியதும் நான்தான். தலை வரைக்கும் மூடிச் சுற்றினேன்.

தினேஷ் வாங்கிக்கொண்டான். துணியின் நுனியில் கை வைத்தான்.

"வேணாம்டா," என்றார் அவன் அம்மா. "மூஞ்சியப் பாத்துட்டா அப்புறம் வுட முடியாது."

அவன் கையை எடுத்துவிட்டான்.

வண்டிக்குத் திரும்பியபோது ஏழுமலை அண்ணன் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு புள்ளையப் பாத்துச்சா மேடம்?" என்று கேட்டார்.

"வண்டியப் பாருங்கண்ணா, போதும்" என்றேன். அடுத்த கேஸ் வந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். "கொளப்பாக்கம் கிட்ட மூச்சு விட்டான்னியே. பேரு வெச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒரு மூச்சு விட்ட குழந்தை என்றாலும் எங்கள் வீட்டு வழக்கத்தில் பெயர் வைத்துத்தான் அடக்கம் செய்வோம். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க ரத்தத்தில் நின்றுவிட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் பிளேட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

4. மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் மதியம் வேறொரு கர்ப்பிணியை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு படியில் இறங்கும்போது ரேவதி எதிரே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நைட்டி மேல் துண்டு போட்டிருந்தாள். துண்டையும் மீறி முன்பக்கம் நனைந்திருந்தது. பால் கட்டிவிட்டது.

நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு நாளாக மாமியார் அவளிடம் நான் சொன்னதையே சொல்லியிருக்கிறார். இன்க்யூபேட்டரில் இருக்கிறான், வெயிட் கொஞ்சம் கம்மி, நாளைக்குக் காட்டுவார்கள். என் வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. அவளுக்குப் பால் சுரந்து காய்ச்சல் மாதிரி வந்ததும், மாமியார் சாப்பாடு வாங்கப் போன நேரம் பார்த்துத் தானே எழுந்து குழந்தைகள் வார்டுக்கு நடந்து போயிருக்கிறாள். ரேவதி குழந்தைக்குப் பால் கொடுக்கணும் என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்த பெண் பதிவேட்டை மூன்று பக்கம் புரட்டிப் பார்த்து, "அப்படி ஒரு பேபி இங்க அட்மிஷனே ஆகலியேம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

அவள் அங்கேயே நிற்கவும் முடியாமல் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பொதைச்சிட்டாங்களாக்கா?"

"ஆமாம்மா."

"என்னிக்கு?"

"அன்னிக்கேதான்."

படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். மேலும் கீழும் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் அழவில்லை. துண்டை இழுத்து மூடிக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு நாளா கேட்டேன், அவரு பாக்கலன்னாரு. அத்தையும் பாக்கலன்னாங்க. போட்டோகூட யாரும் எடுக்கல. நீங்கதான் புள்ளைய எடுத்தீங்க. எப்டிக்கா இருந்தான்?"

"அழகா இருந்தான்மா" என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது. "உன்ன மாதிரியேதான்."

அவள் முகம் மலர்ந்தது. என்னை நெருங்கி உட்கார்ந்தாள். "என்ன மாதிரியா? மூக்கா? முடி இருந்துச்சா? கண்ணத் தொறந்தானாக்கா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் குழந்தையின் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகத்தைத் தோண்டிப் பார்த்தேன். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது தெரிகிறது. உதடு நீலமாக இருந்தது தெரிகிறது. மூக்கில் சளி இருந்தது, கொடி எவ்வளவு தடிமன், எல்லாம் தெரிகிறது. முகம் இல்லை. மாஸ்க் முக்கால் முகத்தை மூடியிருந்தது. மாஸ்க்கை எடுத்த பிறகு நான் பார்க்கவில்லை. துணியைச் சுற்றும்போதுகூட, நன்றாக மூடியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். முடி நிறைய இருந்தது என்றால் அவள் நம்பியிருப்பாள், ஆயுசுக்கும் வைத்துக்கொண்டிருப்பாள். வாய் வரவில்லை. ஏற்கெனவே இவளிடம் ஒன்று சொல்லி, அதை மூன்று நாள் இவள் தின்றிருக்கிறாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "மன்னிச்சிடு. மூச்சு வருதான்னே பாத்துகிட்டிருந்தேன். மூஞ்சியப் பாக்கல. உன்ன மாதிரின்னு சும்மா சொன்னேன்."

என் கையைப் பிடித்திருந்தவள் விட்டுவிட்டாள். "நீங்களாச்சும் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்கா," என்றாள்.

மாமியார் சாப்பாட்டுப் பையோடு படியேறி வந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு ரேவதியின் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ரேவதி அழுதாள். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

5. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

அந்த கேட் சீக்கிரம் திறந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் பிறகு கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு முன்பே உள்ளே ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்கிறது என்றார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். உயிர் விஷயத்தில் என்மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. கை ஓய்கிற வரைக்கும் அமுக்கினேன்.

மற்றதில் குறை உண்டு. ரத்தம் நிற்கிற வரைக்கும், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, பேசாமல் இருக்க வேண்டியிருந்தது. நான் பேசாமல் இருக்கவில்லை. நாளைக்குக் காட்டுவார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இன்றைக்கே கொண்டுபோக வழியும் செய்து கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குத் தன் பிள்ளையைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அது என்னால் போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. வயது ஆக ஆகக் குறையும் என்றார்கள், குறையவில்லை.

அதன் பிறகு என் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். இன்க்யூபேட்டர் என்ற வார்த்தையை, நிஜமாகவே அதில் குழந்தை இருந்தால் ஒழியச் சொல்வதில்லை. "டாக்டர் பாத்துகிட்டிருக்காங்க, எனக்குத் தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்" என்பேன். போய்ச் சொல்லவும் செய்வேன். திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு அப்பா என் சட்டையைப் பிடித்திருக்கிறார். குழந்தையைக் கொண்டுபோவதற்கு முன்னால், அம்மா பார்க்க விரும்புகிறாளா என்று அவளிடமே ஒரு தடவை கேளுங்கள் என்று வீட்டு மனிதர்களிடம் கெஞ்சுவேன். பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை. சில அம்மாக்களே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது அவர்கள் இஷ்டம், நான் வற்புறுத்துவதில்லை.

போன வருடம் அப்படித்தான் ஒரு பெண். பிரசவத்திலேயே பெண் குழந்தை இறந்துவிட்டது. "பாக்கறியாம்மா?" என்று கேட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வேணாம்கா, எடுத்துகினு போயிடுங்க" என்றாள். சரி என்று குழந்தையை வண்டிக்கு எடுத்து வந்தேன்.

துணியைச் சுற்றுவதற்கு முன்னால் வண்டியின் பெரிய விளக்கைப் போடச் சொன்னேன். எங்கள் படிவத்தில் எடைக்கு இடம் உண்டு, நாடித் துடிப்புக்கு உண்டு, நேரத்துக்கு உண்டு. முகத்துக்குக் கிடையாது. அதனால் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன். நெற்றியில் பாதி வரைக்கும் முடி, கறுப்பாக, சுருட்டையாக. இடது காது நுனி கொஞ்சம் மடங்கியிருந்தது. மேலுதடு மெல்லியது. மோவாயில் ஒரு சின்னக் குழி. அது அம்மாவுக்கும் இருந்தது.

அந்தப் பெண் இதுவரை வந்து கேட்கவில்லை. எப்போது வந்து கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.